இருபத்தஞ்சாந் தேதிக் கள்ளன்

அத்தியாயம் 4

கனகசபாபதிக்கு அன்றைக்கு ஒருவரையும் சந்தேகிக்கிற மனநிலை இருக்கவில்லை. துப்பறிகிறவனுக்கு அது கூடாத வியாதிதான். ஆனால் மனிசனுக்கு ஐம்பத்தெட்டு வயது, வலது முழங்கால் ஒரு மாதமாக இடக்குப் பண்ணுகிறது, வெள்ளவத்தையில் கரண்ட் போய் ஒன்றரை மணித்தியாலமாகிறது. முப்பது வருசம் காப்புறுதிக் கொம்பனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்த பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் விடாமல், கடலோரத்து ஒழுங்கை ஒன்றில், காசு கொடுத்துப் போன் கதைக்கிற கொமியூனிகேசன் கடைக்கு மேல்மாடியில் ஒரு மேசையும் நாலு கதிரையும் போட்டு வைத்திருந்தார். வாடகையைக் கட்டினால் டெலிபோன் பில் கட்ட வழியில்லை, டெலிபோன் பில்லைக் கட்டினால் வாடகைக்கு வழியில்லை. அப்படி ஓடிக்கொண்டிருந்தது 2008.

அவருடைய உதவியாள் மாக்ரெட். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருசம் ஊரார் கதையைச் சும்மா கேட்டவள், இப்போது அதையே சம்பளத்துக்குச் செய்கிறாள். சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று மட்டும் அவளிடம் கேட்கக்கூடாது.

காலை பத்து மணிக்குப் படியேறி வந்த பெண்மணியின் பெயர் கனகேஸ்வரி. வயது நாற்பத்தாறு இருக்கும். பம்பலப்பிட்டியில் இரண்டு வீடுகளில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர். கதிரையில் இருந்ததும் இருக்காததுமாக மடியில் வைத்திருந்த பிளாஸ்டிக் பைலை மேசையில் வைத்தார்.

அந்தப் பைலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேணும். வெள்ளவத்தையில் தமிழ் ஆட்கள் வாடகைக்கு இருக்கிற எந்த வீட்டிலும் வாசற்கதவடியில் இப்படி ஒன்று கிடக்கும். அடையாள அட்டையின் போட்டோக் கொப்பி, பொலிஸ் பதிவுத் துண்டு, பிறப்பத்தாட்சிப் பத்திரம், வேலைத்தலக் கடிதம் எல்லாம் அதற்குள் இருக்கும். சுற்றிவளைப்பென்று ஆமியும் பொலிசும் வந்து கதவைத் தட்டினால் அலுமாரியைத் திறந்து தேடிக்கொண்டு நிற்க ஏலாது. ஒரே கையில் எடுத்து நீட்டவேண்டும். கனகேஸ்வரி அதற்குள்ளேயே கிரெடிட் கார்டையும், கார்டின் இரகசிய இலக்கம் வந்த பாங்க் கடிதத்தையும் வைத்திருந்தார். வேறு ஊரில் இதைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள். இந்த ஒழுங்கையில் பத்து வீட்டில் எட்டு வீட்டார் செய்கிற வேலை அது.

விசயம் இதுதான். இரண்டு வருசத்துக்கு முன் வீட்டுக்காரர் ஒரு வருச வாடகையை முற்பணமாகக் கேட்டபோது, கனகேஸ்வரி அந்தக் கார்டைப் போட்டு மெசினில் காசெடுத்துக் கொடுத்தார். அந்த ஒருமுறைதான். மாதம் பத்தாயிரம் கட்டிக்கொண்டே வருகிறார். கடன் இறங்கவில்லை. ஏறியது. பிந்தினால் ஒரு கட்டணம், மெசினில் எடுத்தால் ஒரு கட்டணம், புது வருசம் பிறந்தால் ஒரு கட்டணம் என்று பாங்க்காரன் வைக்கிற பெயர்களுக்குக் குறைவில்லை. வட்டி இருபத்தேழு வீதமாக இருந்து முப்பதாகி, இப்போது முப்பத்துநாலு. ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்கிற தொனியில் ஒரு கடிதம் வரும். எல்லா வீட்டிலும் இதே புலம்பல்தான் என்பதால் கனகேஸ்வரி வட்டியைத் திட்டிக்கொண்டு கட்டினாரே தவிர, மாதாமாதம் பாங்க் அனுப்புகிற கணக்குத் துண்டில் மேலே இருந்த வரிகளை வாசிக்கவேயில்லை.

முந்தாநாள் பாங்கிலிருந்து ஒரு பெண் பிள்ளை போன் பண்ணி, கடன் இரண்டு இலட்சத்து நாற்பத்து மூவாயிரம், இன்னும் ஏழாயிரம் போனால் லிமிட் முடிந்துவிடும், தயவுசெய்து மாதாமாதம் காசெடுப்பதைக் குறையுங்கள் என்றதாம். கனகேஸ்வரி அப்போதுதான் பாங்க் துண்டுகளை எடுத்து வாசித்தார். போய்ப் பைலைப் பார்த்தால் கார்ட் இருந்தது. இன்று காலையில் பார்த்தால் இல்லை.

“தங்கையாதான்,” என்றார் கனகேஸ்வரி. “வேற ஆர்?”

தங்கையா இந்த ஒழுங்கையில் அறையெடுத்து இருக்கிற மலையகத் தோட்டத்துக்காரர், கொட்டாஞ்சேனையில் துறைமுகச் சரக்கு எடுத்துக்கொடுக்கிற ஒரு கிளியரிங் ஒபீசில் பியோன். யாழ்ப்பாண விலாசத்து அடையாள அட்டையோடு ஒருவர் பாங்குக்குப் போய்வர நாலு தடைமுகாமில் சோதனை, அரை நாள் போய்விடும். தங்கையாவிடம் துறைமுகப் பாஸ் இருந்தது. அதனால் ஒழுங்கையில் நாலு வீட்டார் கார்டையும் காசையும் அவரிடம் கொடுத்துவிட, அவர் கொட்டாஞ்சேனைக் கிளையில் கட்டிவிட்டு வருவார். களவு போன காசு முழுக்க எடுபட்டது அந்தக் கிளையின் மெசினில்தான்.

பொலிசில் ஒரு முறைப்பாடு போட்டு அதன் துண்டைக் கொண்டுவந்தால் விசாரணை முடியும்வரை வட்டியை நிறுத்தலாம், களவென்று தெரிந்தால் அந்தத் தொகையைக் கழிக்கலாம் என்று பாங்கில் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரருக்குத் தெரிந்த சார்ஜன்ட் ஒருவர் நாலு மணிக்கு டியூட்டிக்கு வருகிறார். முறைப்பாட்டுக் கடிதம் தயார், தங்கையாவின் பெயரும் போட்டாகிவிட்டது. அதற்கு முதல் ஒரு ஆதாரம் கிடைத்தால் நல்லதென்றுதான் கனகேஸ்வரி இங்கே வந்தது. புருசன் நமசிவாயத்துக்கு இன்னும் சொல்லவில்லை. புறக்கோட்டையில் இரும்புச் சாமான் இறக்குமதிக் கொம்பனியில் கணக்கெழுதுகிற மனிசன், பிரசர்காரர், தெரிந்தால் விழுந்துபோவார் என்று பயம்.

கனகசபாபதிக்கு அலுப்பு இன்னும் கொஞ்சம் கூடியது. தோட்டத்துத் தமிழன் ஒருவனின் பெயரைப் பொலிஸ் கடுதாசியில் எழுதிக் கொடுத்தால், யுத்தம் நடக்கிற இந்தக் காலத்தில் அவனிடம் கிரெடிட் கார்டைப் பற்றியா கேட்பார்கள்? உள்ளே போனவன் எப்போது வெளியே வருவான் என்று சொல்ல யாராலும் ஏலாது.

பாங்க் துண்டுகளை வாங்கி மாக்ரெட்டிடம் நீட்டி, காசெடுத்த வரிகளை மட்டும் வாசிக்கச் சொன்னார்.

மாக்ரெட் கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள். மார்ச் இருபத்தஞ்சு, இருபத்தெண்ணாயிரத்து நானூறு. ஏப்ரல் பத்து, முப்பத்துமூவாயிரத்து நானூறு. மே இருபத்துமூன்று, இருபத்தேழாயிரத்துத் தொளாயிரம். ஜூன் இருபத்தஞ்சு, அதே தொகை. ஜூலை இருபத்தஞ்சு, அதே. ஓகஸ்ட் இருபத்தஞ்சு, அதே.

“சேர், நான் கள்ளியா இருந்தா முதல் நாளே வழிச்சுத் துடைச்சிருப்பன்,” என்றாள். “இவன் என்ன, நேர்த்திக்கடனுக்கு எடுக்கிற மாதிரி எடுக்கிறான்.”

கனகசபாபதி சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். எழும்பிப் போய் மே மாதத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு ஏப்ரலைப் பார்த்தார். இன்றைக்குத் தேதி செப்டெம்பர் இருபத்தஞ்சு, வியாழக்கிழமை.

“அம்மா, கார்டை நிப்பாட்டச் சொல்லிப் பாங்குக்குச் சொல்லிப்போட்டியளோ?”

இல்லை, பொலிஸ் துண்டோடு போய்ச் சொல்லலாம் என்று இருந்ததாகக் கனகேஸ்வரி சொன்னார். நல்லது, நாலு மணி வரைக்கும் சொல்லவேண்டாம், முறைப்பாடும் வேண்டாம், பைலை என்னிடம் தந்துவிட்டு இங்கேயே இருங்கோ என்றார் கனகசபாபதி. பைல் இல்லாமல் வீதியில் இறங்க யாருக்கும் பயம்தான். கனகேஸ்வரி மறுபேச்சில்லாமல் கதிரையில் சாய்ந்தார்.

திரீவீலரில் பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் ஒரு தடைமுகாம். கனகசபாபதியின் அட்டையில் சாவகச்சேரி விலாசத்தைக் கண்டதும் ஆமிக்காரப் பையன் இறங்கச் சொன்னான். மாக்ரெட் வெளியே தலையை நீட்டி, மல்லி என்று தம்பி முறை வைத்து, இந்த ஐயாவுக்கு முழங்கால் ஏலாது, கொட்டாஞ்சேனை மாதா கோயிலுக்கு நேர்த்தி வைக்கக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சிங்களத்தில் உருகி உருகிச் சொன்னாள். அவனுக்கு மனம் இளகியது. ஆனாலும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பத்து நிமிசம் எடுத்தான்.

“என்னை ஏன் நோயாளியாக்கினனீ?”

“உங்களைப் பாத்தா வேற என்ன சொல்லலாம் சேர்? கலியாண மாப்பிள்ளை எண்டு சொன்னா என்னையும் எல்லோ சேர்த்துப் பிடிச்சிருப்பான்.”

கொட்டாஞ்சேனையில் தங்கையாவைக் கண்டுபிடிக்கிறது கஷ்டமாக இருக்கவில்லை. ஒபீஸ் வாசலில் கடிதங்களைத் தேதிப்படி அடுக்கிக்கொண்டிருந்தார். நாற்பது வயது, மெலிந்த உடம்பு, கழுத்துப் பட்டன் வரை பூட்டிய சேர்ட். விசயத்தைச் சொன்னதும் கையிலிருந்த கடிதங்கள் கீழே விழுந்தன. அவற்றைப் பொறுக்கவும் மனிசனுக்குத் தோன்றவில்லை.

நாலு வீட்டுக் காசுக்கும் கட்டின ரிசீட்டுகளை அவர் நூலில் கோத்து வைத்திருந்தார். ஒன்றிலும் பிசகில்லை. கார்டைக் கட்டின அன்றைக்கே கொண்டுபோய்க் கதவடியில் இருக்கும் பைலிலேயே போட்டுவிடுவாராம். அம்மா ரியூசனுக்குப் போயிருந்தால் வீட்டுக்காரரின் வேலைக்காரப் பெண் கதவைத் திறந்துவிடுவாளாம்.

“போன வருசம் மூணு வாரம் உள்ள இருந்தேங்க,” என்றார் தங்கையா. “ஒண்ணுமே செய்யலீங்க, பேர் ஒத்துப் போச்சின்னாங்க. அப்பவே ராக்கம்மா பாதி உசிராப் போயிட்டா. இன்னொருக்கா போனா இந்த வேலையும் போயிரும், அவளும் இருக்கமாட்டாங்க.”

ராக்கம்மா அவருடைய மனைவி. தலவாக்கலையில் தோட்டத்தில் இருக்கிறாள்.

கனகசபாபதி ஒரேயொரு கேள்விதான் கேட்டார். இந்தச் சித்திரை வருசப் பிறப்புக்கு எப்போது ஊருக்குப் போனீர்?

ஒன்பதாந் தேதி காலை ரயிலில் போய்ப் பதினாறாந் தேதி திரும்பினாராம். ஒபீஸ் மனேஜரிடம் மாக்ரெட் லீவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். ஒன்பது முதல் பதினாறு வரை லீவு, கையெழுத்தும் இருந்தது. ஏப்ரல் பத்தாந் தேதி கொட்டாஞ்சேனையில் காசெடுத்தவன் தலவாக்கலையில் இருந்திருக்க ஏலாது.

வெளியே வந்ததும் மாக்ரெட் பெருமூச்சு விட்டாள். இருந்த ஒரே கள்ளனையும் இழந்துவிட்டோம், இனிப் புதுசாக ஒருத்தனைத் தேடவேண்டும் என்றாள். கனகசபாபதி பதில் சொல்லாமல் பாங்குக்கு எதிர்ப்பக்கம் இருந்த சைவச் சாப்பாட்டுக் கடைக்குள் போய், மெசின் தெரிகிற மேசையில் உட்கார்ந்தார். மணி பன்னிரண்டரை.

முதல் பிளேன்டீ முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மாக்ரெட் வடையைப் பிய்த்துக்கொண்டு, யாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றாவது சொன்னால் தானும் பார்ப்பாள் என்றாள்.

“மாக்ரெட், நீ எக்ஸ்சேஞ்சில வேலை செய்யேக்க ஏப்ரல் சம்பளம் எப்ப கிடைக்கும்?”

“வருசப் பிறப்புக்கு முந்தி. பத்தாந் தேதியளவில. எல்லா ஒபீசிலும் அப்பிடித்தானே.”

“இருபத்தஞ்சு ஞாயிற்றுக்கிழமை வந்தா?”

“வெள்ளிக்கிழமையே போட்டுடுவாங்கள்.”

“மே இருபத்தஞ்சு ஞாயிற்றுக்கிழமை. அவன் வெள்ளிக்கிழமை எடுத்திருக்கிறான்.”

மாக்ரெட்டின் வாயில் வடை நின்றது.

“ஏப்ரல்ல அஞ்சாயிரம் கூட எடுத்தவன். அது பெஸ்டிவல் அட்வான்ஸ். வருசப் பிறப்புக்கு ஒபீஸ் கடனாக் குடுக்கிறது. மே மாசத்தில இருந்து அஞ்சூறு அஞ்சூறாக் கழிச்சுக்கொண்டு வாறான்.” கனகசபாபதி கண்ணை மெசினிலிருந்து எடுக்கவில்லை. “களவெடுக்கிறவன் தன்ர களவில அட்வான்ஸ் கழிப்பானோ? இது களவில்லை மாக்ரெட், சம்பளம். ஒழுங்கான வேலையில இருக்கிறவனுக்கு உண்மைச் சம்பளமே வரும், அவன் ஏன் மெசினுக்கு வாறான்? வேலை போனதை வீட்டில சொல்லாத ஒருத்தன்தான் இப்பிடி எடுப்பான்.”

மாக்ரெட் மிச்ச வடையைத் தட்டில் வைத்தாள். பிறகு மெதுவாக, அந்தப் பைலைத் தொடக்கூடியவன் என்றால், என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். கனகசபாபதி பைலைத் திறந்து அடையாள அட்டைக் கொப்பி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். தன்னுடைய யோசனை பிழையாகிப்போனால் நல்லது என்று முதற்தடவையாக அவர் ஆசைப்பட்டார்.

ஒன்றேகாலுக்கு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வீதியைக் கடந்து வந்தார். வெள்ளைச் சேர்ட், ஸ்திரி போட்டது. கையில் தோல் பை. மெசினுக்கு முன் மூன்று பேர் நின்றார்கள். அவர் நாலாவதாக நின்றார். முறை வந்ததும் கார்டைப் போட்டார், இலக்கங்களை அமத்தினார், காத்து நின்றார். கார்ட் திரும்பி வந்தது. காசு வரவில்லை. பின்னால் இரண்டு பேர் நிற்பதைப் பார்த்துவிட்டு ஒதுங்கி, வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி நின்றார்.

இரண்டாம் முறையும் காசு வரவில்லை. மறுபடி கடைசிக்குப் போனார்.

“என்ர மாதாவே,” என்றாள் மாக்ரெட். “மரியாதையான கள்ளன் சேர் இவர்.”

மூன்றாம் முறையும் காசு வராமல், அவர் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு மெசினைப் பார்த்தபடியே நின்றார். கொப்பியில் இருந்த முகமும் அந்த முகமும் ஒன்றுதான். கொப்பியில் மட்டும் கொஞ்சம் சதைப்பிடிப்பாக இருந்தது. கனகசபாபதி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி வீதியைக் கடந்தார்.

“நமசிவாயம் ஐயா, எவ்வளவு தரலாமெண்டு சொல்லுது மெசின்?”

அவர் திடுக்கிடவில்லை. ஆரோ ஒருநாள் வந்து கேட்பார்கள் என்று இத்தனை நாளும் பார்த்திருந்தவர் போல, கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னார்.

“இருபத்தேழு தொளாயிரம் கேட்டனான். பிறகு இருபது கேட்டனான். பிறகு பத்து. ஒண்டும் ஏலாதாம்.”

கடைக்குள் கூட்டிவந்து தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்கள். கதை நீளமில்லை. பெப்ரவரியில் புறக்கோட்டைச் சுற்றிவளைப்பில் நமசிவாயத்தைப் பிடித்து ஆறு நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். அவர் வெளிமாவட்டத்துக்கு வேலையாகப் போயிருப்பதாகத்தான் கொம்பனி அந்த ஆறு நாளும் வீட்டுக்குச் சொல்லியிருந்தது. திரும்பிப் போனபோது முதலாளி ஒரு என்வலப்பைக் கையில் கொடுத்து, கோபமில்லை நமசிவாயம், பொலிஸ் வந்து வந்து கேட்கிறது, நாலு பேர் பிழைக்கிற இடம் என்றாராம். என்வலப்பில் இருந்தது ஒரு மாதத்துக்கும் போதவில்லை.

வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று மாக்ரெட் கேட்டாள். நமசிவாயம் பைலைக் காட்டினார். பொலிஸ் பதிவுத் துண்டில், கொழும்பில் தங்கியிருக்கிற காரணம் என்ற இடத்தில் அவருடைய வேலைதான் எழுதியிருந்தது. காரணம் இல்லாத ஆட்களைப் போன வருசம் லொட்ஜுகளிலிருந்து பொலிஸ் பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கு அனுப்பினதை வெள்ளவத்தையில் பார்க்காதவர் யார்? கனகேஸ்வரிக்குச் சொன்னால் அவள் முகத்தில் தெரிந்துவிடும், முகத்தில் தெரிந்தால் வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தாராம். புது வேலை கிடைக்கும் வரைக்கும் ஒரு மாதம் சமாளிக்கலாம் என்று தொடங்கியது. ஒரு மாதம் ஆறு மாதமாகியது. வேலை கேட்டுப்போன இடங்களிலெல்லாம் விலாசத்தைப் பார்த்தார்கள்.

“அஞ்சூறு ஏன் கழிச்சனீங்கள்?” என்று கேட்டார் கனகசபாபதி.

“வருசப் பிறப்புக்கு அட்வான்ஸ் எடுத்தா மாசாமாசம் வெட்டுவாங்கள் எண்டு அவவுக்குத் தெரியும். வெட்டாமல் குடுத்தா கேப்பா.”

“அந்தக் காசிலதான் அவ மாசம் பத்தாயிரம் பாங்குக்குக் கட்டினவ. தெரியுமோ?”

நமசிவாயம் தலையைக் குனிந்தார். தெரியும். கணக்குக்காரர் அல்லவா? கார்டில் எடுத்த காசு கார்டுக்கே போய், போகிற வழியில் வட்டியும் கட்டணமும் தின்று, மிச்சத்தில் வீடு நடந்தது. ஒவ்வொரு மாதமும் எவ்வளவு ஏறும் என்று சதம் பிசகாமல் அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே எடுத்தார்.

அப்போதுதான் கனகசபாபதி தங்கையாவின் விசயத்தைச் சொன்னார். நாலு மணிக்கு முறைப்பாடு, பாங்க் வட்டியை நிறுத்துகிற ஏற்பாடு, எல்லாவற்றையும் சொன்னார். நமசிவாயத்தின் முகம் வெளிறியது. தங்கையா நல்ல பிள்ளையாச்சே என்றார். கிளாசை மேசையில் வைத்துவிட்டு, மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார்:

“பொலிஸ் துண்டு இருந்தா, முழுத் தொகையையும் கழிப்பாங்களோ?”

மாக்ரெட் அவரை முறைத்துப் பார்த்தாள். கனகசபாபதிக்குக் கோபம் வரவில்லை. கிட்டத்தட்ட இரண்டரை இலட்சம் கழுத்தை நெரிக்கிறபோது நல்ல மனிசனுக்கும் அப்படி ஒரு கேள்வி வரும் என்று காப்புறுதிக் கொம்பனியில் முப்பது வருசம் பார்த்தவர். கழிப்பார்கள் என்று உண்மையைச் சொன்னார். தங்கையாவின் ஒபீஸ் அந்த மூலையைத் திரும்பினால் வரும், போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கோ என்றும் சொன்னார்.

நமசிவாயம் எழும்பி வாசல் வரைக்கும் போனார். மூலையைத் திரும்பவில்லை. அங்கேயே ஒரு நிமிசம் நின்றுவிட்டு, வெள்ளவத்தைக்குப் போவோம் என்றார்.

மேல்மாடிக்கு வந்து சேர மூன்றே முக்கால். கனகேஸ்வரி முறைப்பாட்டுக் கடிதத்தை என்வலப்பில் போட்டு, சேலைத் தலைப்பை ஒழுங்குபண்ணி, புறப்பட ஆயத்தமாக நின்றார். புருசனைக் கண்டதும் ஒபீசுக்கு ஆரோ சொல்லிவிட்டார்கள் என்று நினைத்து, பதறவேண்டாம், ஆளைக் கண்டுபிடித்தாச்சு என்று அவரைத் தேற்றத் தொடங்கினார்.

“தங்கையா இல்லை கனகு,” என்றார் நமசிவாயம். “நான்தான்.”

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கனகேஸ்வரி என்வலப்பைக் கையில் பிடித்தபடி கேட்டார். கனகசபாபதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். துப்பறிகிற தொழிலில் கண்டுபிடிக்கிற பகுதிவரைக்கும்தான் அவருக்குப் பிடிக்கும். அதற்குப் பிறகு வருகிற பகுதி எப்போதுமே பிடித்ததில்லை.

கனகேஸ்வரி கனகசபாபதியிடம்தான் முதலில் பேசினார்.

“கள்ளன் எண்டா வட்டி நிக்கும். புருசன் எண்டா நிக்காது. அப்பிடித்தானே?”

அப்படித்தான் என்றார் கனகசபாபதி.

“தங்கையாட பேரை வெட்டிப்போட்டு, ஆரெண்டு தெரியாத ஆள் எண்டு எழுதினால்?”

“பேர் இல்லாமல் குடுத்தா பொலிசே ஒரு பேரைப் போடும் அம்மா. கார்டை மாசாமாசம் கொண்டுபோறது ஆர் எண்டுதான் முதல் கேப்பாங்கள்.”

கனகேஸ்வரி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நாலுக்கு ஐந்து நிமிசம் இருந்தது. கடிதத்தை என்வலப்போடு இரண்டாக மடித்து, நாலாக மடித்து, தன் கைப்பைக்குள் ஆழமாகத் திணித்தார். மாக்ரெட்டைப் பார்த்து டெலிபோனைக் கேட்டார்.

பாங்கில் அந்தப் பெண் பிள்ளையே எடுத்தது. கனகேஸ்வரி பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரலில், அவசரமில்லாமல் கதைத்தார். மார்ச்சிலிருந்து எடுத்த காசு முழுக்கத் தானே எடுத்தது, களவு ஒன்றும் இல்லை, தனக்குத்தான் மறதி என்றார். கார்டை இன்றைக்கே நிறுத்துங்கோ என்றார். முழுத் தொகையையும் தவணையாக்கித் தரமுடியுமா, வட்டி எவ்வளவு, அதைவிடக் குறைக்க ஏலாதா, இதுக்கும் ஒரு கட்டணம் இருக்கோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அதற்கும் ஒரு கட்டணம் இருந்தது. கடைசியில் நாற்பத்தெட்டு மாதம், மாதம் எண்ணாயிரத்துச் சொச்சம் என்று முடிந்தது. ரியூசனுக்கு இன்னும் மூன்று பிள்ளைகள் பிடித்தால் கட்டலாம். பொலிஸ் பதிவிலும் இனிக் காரணம் என்ற இடத்தில் தன்னுடைய ரியூசனை எழுதலாம், படிப்பிக்கிற வீட்டாரிடம் கடிதம் கேட்கிறேன் என்று போனை வைத்துவிட்டுச் சொன்னார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

நமசிவாயம் அதுவரைக்கும் உட்காரவில்லை. மாக்ரெட் கதிரையை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. கனகேஸ்வரி இப்போதுதான் அவர் பக்கம் திரும்பினார்.

“இஞ்சேருங்கோ. இவ்வளவு மாசமும் காலமை அஞ்சு மணிக்கு எழும்பிச் சோறு கட்டித் தந்தனான். அதை எங்க இருந்து சாப்பிட்டனீங்கள்?”

நமசிவாயம் தோல் பையைக் கீழே வைத்தார்.

“முகத்துவாரத்தில. வள்ளம் இழுத்து வைக்கிற இடத்தில, நிழலா ஒரு பக்கம் இருக்கு.”

“தனியவோ?”

“ஓம்.”

பத்து மணியிலிருந்து, அவ்வளவு கடனைப் பற்றிக் கதைத்தபோதும், களவைப் பற்றிக் கதைத்தபோதும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுசி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். நமசிவாயம் போய்ப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். கனகசபாபதி மாக்ரெட்டுக்குக் கண்ணைக் காட்டினார். இரண்டு பேரும் கதவைச் சாத்திவிட்டுப் படியில் இறங்கி, கொமியூனிகேசன் கடை வாசலில் போய் நின்றுகொண்டார்கள்.